விளக்குக்குக் கொண்டுபோன எண்ணெய்

பள்ளிவாசல் எஸ்டேட்டில் மழை கொட்டிய ஒரு மத்தியானம், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த என் இரண்டு வயது மகளை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒரு மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. என் கணவர் எஸ்டேட்டில் மரம் அறுப்பவர். மிஷின் வாள் ஜீப்பிலேயே இருந்தது. பாதி அறுத்ததும் வாளின் செயின் புகைந்தது.

"செயினுக்கு ஊத்துற எண்ணெய் தீந்திருச்சு. இப்படியே ஓட்டினா இறுகி நின்னுரும்," என்றார்.

"பழைய என்ஜின் ஆயில் கெடக்கு, ஊத்துங்கண்ணே," என்றார் டிரைவர்.

"அது பூரா கரி. எண்ணெய் போற ஓட்டையை அடைச்சிரும்."

மகளின் உதடு நீலம் பாரித்திருந்தது. வழியிலுள்ள மாரியம்மன் கோயில் விளக்குக்கு ஊற்றச் சொல்லி, என் மாமியார் நேர்ந்து கொடுத்த நல்லெண்ணெய் என் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

கணவர் தயங்கினார். "சாமிக்கு நேந்ததுல்ல?"

"ஆகுமா, ஆகாதா?"

"சுத்தமா இருக்கு, இன்னிக்கு ஓடும். சாயங்காலமே மிஷினைக் கழுவணும், இல்லன்னா பசையாயிரும்."

"ஊத்துங்க."

சூடான செயினிலிருந்து கோயில் வாசம் கிளம்பியது. மரத்துண்டு உருண்டதும் ஜீப் பறந்தது.

ஆஸ்பத்திரியில் மகளுக்கு மூச்சு சீரான பிறகு மாமியார் போனில் கேட்டார். "விளக்குக்கு ஊத்துனியாம்மா?"

"இல்ல அத்தை. மரம் அறுக்குற மிஷின்ல ஊத்திட்டோம்."

"பிள்ளை மூச்சு விடுறாளா?"

"விடுறா."

"அப்ப சரி. மிச்சம் இருந்தா வரும்போது ஊத்திட்டு வா."

மிச்சம் ஒரு சொட்டுகூட இல்லை. திரும்பும்போது கோயில் வாசலில் வெறும் பாட்டிலோடு நின்றேன். செய்தது சரியா என்று இன்றும் சில இரவுகளில் யோசிக்கிறேன். பக்கத்தில் அவள் மூச்சு சீராகக் கேட்கும். யோசிப்பதை விட்டுவிடுவேன்.