நடுக்கடலில் எங்கள் கார்

"சார்... இதுல உங்க கார் கடலுக்குள்ள போயிட்டிருக்கு."

போன செவ்வாய்க்கிழமை, ராசிபுரத்தில், காவல் நிலையத்து எஸ்.ஐ. அம்மா லேப்டாப்பைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் செல்வராசு முகம் அப்போது போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காரில் ஒரு டேஷ்கேம் இருக்கிறது. முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, போகிற வழியையெல்லாம் படம் பிடிக்கும் சின்ன கேமரா. அதை வாங்கிய நாளிலிருந்து இவர் வேறு பேச்சே பேசுவதில்லை. சேலத்தில் தறி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஒரு போல்ட் விலை கேட்க வருபவரிடம்கூட, "நாளைக்கு ரோட்டுல ஒரு பிரச்சினைன்னா சாட்சி வேணுமில்லைங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த "நாளைக்கு" கடைசியில் வந்தே விட்டது.

அதற்கு முந்தைய வாரம் நாங்கள் இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்க ராசிபுரம் போயிருந்தோம். எடுத்தோம், திரும்பினோம். சில நாள் கழித்து போன். "உங்க கார் கடைவீதியில ஒரு ஸ்கூட்டியை இடிச்சிட்டு நிக்காமப் போயிருக்கு. ஸ்டேஷனுக்கு வாங்க."

இடித்தோமா? நாங்களா? இவர் வண்டி ஓட்டும் வேகத்தில் எருமை மாடுகூட எங்களை ஓவர்டேக் செய்யும்!

ஆனாலும் இவருக்குப் பதற்றமே இல்லை. சந்தோஷம் என்றே சொல்லலாம். மெமரி கார்டை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார்.

ஸ்டேஷனில் அந்த ஸ்கூட்டிக்காரர் ஜெயந்தி உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூட்டியில் டின் டின்னாக நெய் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுபவர். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பின்னாலிருந்து ஏதோ உரசியது, விழுந்தார், ஒரு வெள்ளைக் கார் போவதை மட்டும் பார்த்தார். நம்பரைச் சொன்னது எதிர்க்கடைக்காரர். அது எங்கள் நம்பர்.

"நெய்யி ரோடு பூரா ஓடுச்சுங்க. அதுல வழுக்கி இன்னும் ரெண்டு பேரு உழுந்தாங்க" என்றார் ஜெயந்தி. பாவமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. கை உடைந்த ஒரு பெண்ணை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடியவர்கள் என்று ஊர் சொன்னால்...?

"கவலையே வேண்டாங்க மேடம். எல்லாம் ரெக்கார்டு ஆயிருக்குது" என்று இவர் வீடியோவைப் போட்டார்.

அப்புறம்தான் கடல்.

அந்த டேஷ்கேமின் ஆப்பில் வீடியோவுக்குப் பக்கத்திலேயே ஒரு மேப்பும் ஓடும். வீடியோவில் ராசிபுரம் கடைவீதி. மேப்பில், ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு சமுத்திரம், நடுவில் எங்கள் கார். வேகம்? ஜீரோ. கடைகள் பின்னால் ஓடுகின்றன, வேகமோ ஜீரோ! கீழே தேதியைப் பார்த்தால் பல வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி. நாங்கள் அந்தக் காரையே அப்போது வாங்கியிருக்கவில்லை.

"புது வருஷத்துக்குக் கப்பல்ல போனீங்களா சார்?" என்றார் எஸ்.ஐ. அம்மா. பிறகு குரல் மாறியது. "இத நான் சாட்சியா எடுத்துக்க முடியாது. நாளைக்கு வாங்க. தேதி, டைம், இடம்... மூணுல ஒண்ணாவது சரியா காட்டுங்க. இல்லன்னா கேஸ் போடுறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்வரை இவர் வாயே திறக்கவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு அமைதியான பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

நான் மேனுவலை எடுத்தேன். எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். மூக்குக் கண்ணாடி, அதற்கு மேல் பூதக்கண்ணாடி. படிக்கப் படிக்கப் புரிந்தது.

இந்தக் கேமராவுக்குத் தானாக நேரம் தெரியாது. உள்ளே ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. கார் ஓடாத நாட்களில் கடிகாரத்தை அதுதான் காப்பாற்ற வேண்டும். எங்கள் கார் வாரத்தில் பாதி நாள் நிழலில் தூங்கும். பேட்டரி செத்துவிட்டது. அதனால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் கேமரா தன் பிறந்தநாளுக்கே திரும்பிப் போய்விடுகிறது. அப்படிப் போனாலும் சாட்டிலைட் சிக்னல் கிடைத்தால் சரிசெய்துகொள்ளும். சிக்னல் ஏன் கிடைக்கவில்லை?

காருக்குள் எட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டில், சிக்னலை வாங்கித் தரும் ஜி.பி.எஸ். வில்லை ஒட்டியிருந்த இடத்தைக் காணோம். அதன்மேல் ஒரு பெரிய பித்தளைத் தட்டு. தட்டில் திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் படம், நாலு எலுமிச்சம்பழம், ஒரு கொத்து வேப்பிலை.

"ஏனுங்க... வானத்துல இருந்து வர்ற சிக்னலைத் தட்டு போட்டு மூடி வெச்சிருக்கறீங்களே!"

"சாமிக்கு மேல சாட்டிலைட்டா?" என்றார். ஆனாலும் தட்டை நகர்த்தினார். கன்னத்தில் போட்டுக்கொண்டே நகர்த்தினார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேப்பில் சமுத்திரம் மறைந்து சேர்வராயன் மலையடிவாரம் வந்தது! நான் கைதட்டினேன். நேரம் மட்டும் இன்னும் லண்டனில் இருந்தது. செட்டிங்ஸில் நம் நாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதுவும் ஊர் வந்து சேர்ந்தது. எவ்வளவு சுலபம்!

ஆனால் யோசித்துப் பாருங்கள். இனிமேல் எடுக்கும் வீடியோதானே சரியாகும்? பழைய வீடியோ பழையபடி கடலில்தானே கிடக்கும்?

இந்த நேரத்தில்தான் பூங்கொடி நங்கையா வந்தார். நங்கையா என்றால் எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்கா. பக்கத்துத் தெரு. கேள்விப்பட்டதும் ஓடி வந்துவிட்டார்.

"எந்த நாளு சாமி? சேலை எடுக்கப் போனீங்களே அன்னைக்கா? அன்னைக்கு நீங்க திரும்பி வாரப்ப நான் போன் பண்ணிப் பேசுனேனே!"

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆமாம்! காரின் ஸ்பீக்கரில்தான் பேசினோம். கேமராவில் மைக் இருக்கிறது. நங்கையாவின் போனிலோ அந்தக் காலின் தேதி, நேரம், எவ்வளவு நேரம் பேசினார் என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. வீடியோவில் அந்தப் பேச்சு எங்கே வருகிறதோ, அதை நங்கையாவின் போனோடு ஒட்டவைத்தால் சரியான நேரம் வந்துவிடும்!

"நங்கையா, நீங்கதான் சாட்சி!" என்று நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

"நாளைக்கு நானே வந்து சொல்றேன் அம்மணி. எவ கேஸு போடறான்னு பாத்துருவோம்."

அவர் போனதும் ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த இடத்தைத் தேடினோம். கிடைத்தது. நங்கையா பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். போனை வைக்கிறார். பிறகு...

பிறகு என்ன? நாங்கள் பேசியிருக்கிறோம். நங்கையாவைப் பற்றி. பாதியிலேயே ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

"அந்த இடத்தை மட்டும் வெட்டிரலாமா?" என்றார் இவர், ரகசியக் குரலில்.

வெட்டினால் போலீஸ் சும்மா இருக்குமா? அதைவிடப் பெரிய சிக்கல்... ஸ்டேஷனில் சொன்ன நேரப்படி ஜெயந்தி விழுந்தது நங்கையா போனை வைத்த அடுத்த சில நிமிடங்களில். எங்களைக் காப்பாற்றக்கூடிய நிமிடங்கள் எவையோ, அவையேதான் எங்களைக் குடும்பத்திலிருந்து தள்ளிவைக்கப் போகும் நிமிடங்களும். ஜெயிலா, நங்கையாவா? இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்தோம். உண்மையாகவே யோசித்தோம்.

மறுநாள் ஸ்டேஷன். எஸ்.ஐ. அம்மா, ஜெயந்தி, நம்பர் சொன்ன கடைக்காரர், நாங்கள். நடு நாற்காலியில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நங்கையா.

வீடியோ ஓடியது. நங்கையாவின் குரல் கணீரென்று வந்தது. எஸ்.ஐ. அம்மா அவர் போனை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். கால் முடிகிறபோது எங்கள் கார் ராசிபுரத்துக்கு வெளியே ஆண்டகளூர் கேட்டைத் தாண்டி சேலம் ரோட்டில் ஏறிவிட்டிருந்தது.

"இதோட போதுங்களே மேடம்?" என்றேன்.

"திரும்பி வந்திருக்கலாமில்ல? ஓடட்டும்."

ஓடியது. முதலில் இவருடைய பெருமூச்சு. அப்புறம் நங்கையாவின் குரல் மாதிரியே ஒரு குரல். "ஏஞ்சாமி, தின்னயா? என்ன தின்ன? ஏன் அதத் தின்ன?" வீடியோவில் நான் கெக்கெக்கே என்று சிரிக்கிறேன். இவர் விடாமல் தொடர்கிறார். அடுத்தது என் குரல்: "உங்க அக்கா ஊட்டு ரசத்துல மீன் வளக்கலாமுங்க!"

கடைக்காரர் இருமினார். ஜெயந்தி மாவுக்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எஸ்.ஐ. அம்மா மேசை டிராயரைத் திறந்து உள்ளே எதையோ தேட ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது. நான் தரையைப் பார்த்தேன். நங்கையா பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை.

நாங்கள் ஹெட்போனில் கேட்டது இதுவரைதான். வீடியோ நிற்கவில்லை. என் சிரிப்பு அடங்குகிறது. கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தம் மட்டும். பிறகு இவர் குரல், சாதாரணமாக: "இல்ல சுமதி... ஒரு நாளு அக்கா போன் பண்ணலீன்னா எனக்கு மத்தியானச் சோறே எறங்கறதில்ல. அம்மா போனதுக்கப்பறம் தின்னயான்னு கேக்கறது அது ஒண்ணுதான்."

எனக்கு இது சுத்தமாக மறந்தே போயிருந்தது. இவருக்கும்தான். காதுவரை சிவந்துபோய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயந்தி விழுந்த நேரமும் தாண்டி, சேலம் வழியில் மல்லூர் போர்டு வந்ததும் எஸ்.ஐ. அம்மா வீடியோவை நிறுத்தினார். "சரி. இது உங்க வண்டி இல்ல."

கடைக்காரர் எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கோங்க. இவரு என்ற கடைக்கு முன்னாடியே வண்டியப் போட்டுட்டாருங்க. ஏவாரமே நடக்கல. கடுப்புல போட்டோ புடிச்சு வெச்சிருந்தேன். பொறவு வெள்ளைக் காருன்னு சொன்னாங்களா, இதுதான்னு நெனச்சுட்டேனுங்க."

இதற்குள் நங்கையா வாயைத் திறந்தார். எல்லோரும் திரும்பினோம்.

"ஏனுங்க மேடம்... அந்தக் கடைசியா சொன்னானே, அத இன்னொருக்கா போடுங்க."

எஸ்.ஐ. அம்மா ரிவைண்ட் செய்தார். கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டார். மறுபடியும் ரசம், மறுபடியும் மீன். இந்த முறை யாராலும் அடக்க முடியவில்லை. ஜெயந்தி கண்ணில் நீர் வரச் சிரித்தார். நங்கையாவும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். கடைசி வரி வந்தபோது அந்தக் குலுக்கல் சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. தம்பியின் முதுகில் பளாரென்று ஓர் அடி மட்டும் விழுந்தது.

இடித்த வெள்ளைக் காரின் ஆள் அந்த வாரமே தானாக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாராம். சைடு கண்ணாடி மடங்கியிருந்ததாம், அவருக்கு உரசியதே தெரியவில்லையாம். ஜெயந்தியின் வைத்தியச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். ஜெயந்தி எங்களுக்கு போன் செய்து இதைச் சொன்னபோது, கை தேறியதும் நல்ல நெய்யாகக் கொண்டுவருவதாகவும் சொன்னார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாம் யாரைக் கிண்டல் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோம்! யாரை நினைத்து உருகுகிறோம் என்பதையும் அதே ஜாக்கிரதையோடு மறைத்துவிடுகிறோம். முதலாவது சரி. இரண்டாவதை ஏன் மறைக்க வேண்டும்? அதைச் சொல்ல ஒரு போலீஸ் ஸ்டேஷனா வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை நங்கையா வீட்டில்தான் சாப்பாடு. ரசம் கெட்டியாகவே இருந்தது, கரண்டி நிற்கும் அளவுக்கு. நான் மூன்று முறை வாங்கிக்கொண்டேன். கை கழுவும்போது நங்கையா இவரிடம் தணிந்த குரலில் கேட்டார், "அந்தக் கேமரா எங்க சாமி கெடைக்கும்? எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. ஊட்டு ஹாலுல மாட்டோணும்."

நங்கையாவிடம் கார் கிடையாது!