ஒற்றைச் சேலை ராணி

அந்த ராணிக்கு எங்கள் மாட்டு வண்டியில்தான் விசாரணை நடந்தது. காரைக்குடிக் கொட்டகையில் நாடகம் பார்த்துவிட்டு மானகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கிழக்கு வெளுக்கிற நேரம். அய்யா வண்டியை ஓட்டினார். பின்னால் வைக்கோலின் மேல் என்னைப் பெற்ற ஆத்தா, அய்யாவுக்கு அக்காவான என் அத்தை, நான்.

நாடகத்துக்குப் போக அடம்பிடித்தவளும் நான்தான், நோட்டீஸை வாசித்துக் காட்டியவளும் நான்தான். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால், எது வந்தாலும் நடு வீட்டில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வாசிப்பேன். முந்நூறு வருஷத்துக்கு முன் மெய்யாகவே வாழ்ந்த ஒரு மகாராணியின் சரித்திரம் என்று போட்டிருந்தது. சரித்திரம் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே வாசித்தேன். எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தில் நான்தான் முதல்.

கதை இதுதான். ராணி பன்னீரில் குளிக்கிறாள், முத்துச் சரத்தில் திரை கட்டித் தூங்குகிறாள், நாளுக்கொரு பட்டு உடுத்துகிறாள். கஜானா காலி. படைக்குச் சம்பளம் இல்லை. கோட்டை விழுகிறது. ராஜா காட்டில் நின்றுகொண்டு அவளைச் சபித்துப் பாடுகிறார். ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டதால் மறுபடியும் சபித்தார். ராணி வேஷம் கட்டியவர் ஆண்பிள்ளை. அழுத அழுகையில் பவுடர் கரைந்து, மீசை மழித்த இடம் பச்சையாகத் தெரிந்தது.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டவில்லை, அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தியா தம்பி, ஒரு பொம்பளைய அவ இஷ்டத்துக்கு விட்டதுல ஒரு ராச்சியமே போச்சு. இந்தா, இவளும் மதுரைக்குப் போகணுங்கிறா. எட்டு வரைக்கும் படிக்கவச்சது பத்தாதாமா?"

மதுரையில் வாத்தியாரம்மா வேலைக்குப் பயிற்சிப் பள்ளி இருந்தது. ஆனியில் திறப்பார்கள். நான் கேட்டுக் கேட்டு அலுத்தும் அய்யா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்போது அத்தை என்னை ராணியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். ராணி தோற்றால் நானும் தோற்றேன். பன்னீர்க் குளியலைப் பார்த்தபோது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழியில்லை, அவளுக்கு வக்கீலானேன்.

"அத்தை, நாளுக்கொரு பட்டுன்னு ராசாதான் சொன்னாரு. நீக கண்ணால பாத்தது எத்தனை சேலை?"

"யாருடி எண்ணிக்கிட்டு இருந்தா?"

"ஒண்ணே ஒண்ணு. அரண்மனையில கட்டியிருந்த அரக்குப் பட்டத்தான் காட்டுலயும் திருப்பிக் கட்டியிருந்தா. கரையோரம் ஒரு பொத்தல்."

"ஆமா மதினி, நானும் பாத்தேன்," என்றாள் ஆத்தா. "நெருப்புப் பட்ட பொத்தல்."

"ராசாவுக்கு மட்டும் காட்சிக்கு ஒரு வெல்வெட்டுச் சட்டை. காட்டுக்கு ஓடுறப்பகூடப் புதுசு!" என்றேன்.

"அது நாடகக் கம்பெனிக்காரன் பவுசு. அதையுமா கணக்குல சேப்பே?"

"நெசத்துல மட்டும் என்னவாம்? யானையும் குதிரையும் பன்னீரையா குடிச்சுச்சு? சண்டைக்குப் போன செலவையெல்லாம் அவ குளியல்ல ஏத்திட்டாக."

அத்தை வண்டியின் முன்பக்கம் திரும்பினாள். "தம்பி, நீயே தீர்ப்புச் சொல்லு," என்றாள். எங்கள் ஊரில் வரப்புத் தகராறு, கண்மாய்த் தண்ணீர்த் தகராறு எல்லாவற்றுக்கும் அய்யா பஞ்சாயத்தில் உட்காருகிறவர். கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அவ செலவாளிதான். அதுல என்ன சந்தேகம்?"

என் மதுரை கைவிட்டுப் போவதுபோல் இருந்தது. அப்போதுதான் பஞ்சாயத்து முறை ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வழக்கை முதலிலிருந்து கடைசிவரை கேட்காதவர் தீர்ப்பில் வாய் திறக்கக் கூடாது. கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டுவதற்காக நடுவில் எழுந்து போன எங்கள் பெரியப்பாவை அய்யாவே அப்படி அடக்கியிருக்கிறார்.

"அய்யா, கோட்டை விழுந்தப்ப நீக முழிச்சிருந்தீகளா?"

அய்யா மாட்டை அதட்டி ஓட்டினார்.

"ஆம்பளைக பக்கத்துக் குறட்டை, நடுவுல கட்டியிருந்த கயித்தத் தாண்டிப் பொம்பளைக பக்கம் எங்ககிட்ட வந்துச்சு. நம்ம வீட்டுக் குறட்டை எனக்குத் தெரியாதா?"

ஆத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அத்தையும் பன்னீர்க் காட்சியில முறுக்கு வாங்கப் போயிட்டாக," என்று சேர்த்துச் சொன்னேன். "நானோ வக்கீல். பாக்கி ஆத்தா ஒருத்திதான்."

அய்யா சத்தமாகச் சிரித்துவிட்டார். "முறைன்னா முறைதான். நீ சொல்லு," என்று ஆத்தாவிடம் விட்டார்.

ஆத்தாவிடம் அதுவரை யாரும் தீர்ப்புக் கேட்டதில்லை. அவளும் அய்யாவைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பன்னீர்க் குளியல் கொஞ்சம் அதிகந்தான். அவ பவுசுக்காரிதான். ஆனா கோட்டை அவளால விழல. இவ மதுரைக்குப் போயி நம்ம வீடும் விழுந்துறாது."

"பெத்தவ பின்ன எப்படிச் சொல்லுவா?" என்றாள் அத்தை.

"வழக்கு முழுக்க இருந்தவ அவதானக்கா," என்றார் அய்யா. திரும்பிப் பார்க்காமலே என்னைக் கேட்டார். "ஆனிக்கு எத்தனை சேலை எடுக்கணும்?"

வைக்கோலில் முட்டி போட்டு எழுந்தேன். "ரெண்டு போதும் அய்யா. ஒண்ணத் தொவச்சுப் போட்டா ஒண்ணக் கட்டிக்கிருவேன்."

அத்தை என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

"கேட்டுக்கோ தம்பி! அந்த ராணிக்கே ஒண்ணுதான்."