கரிசலில் பதித்த கேபிள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கட்டிடங்களுக்கிடையே நெட்வொர்க் கேபிள் பதித்தேன். சுற்றறிக்கைகளைத் துறை துறையாகக் கொண்டுபோகும் தற்காலிக ஊழியர் ஒருவர் கூடவந்து குழி தோண்டினார்.

“விறைப்பா இழுக்காதீங்க அண்ணாச்சி. கோடையில கரிசல் வெடிச்சு இழுக்கும். கொஞ்சம் தொய்வா விடுங்க.”

விட்டேன். இந்தக் கேபிள் எதற்கு என்று கேட்டார். இனிச் சுற்றறிக்கைகள் இதன் வழியேதான் போகும் என்று எனக்குத் தெரியும். கேபிளைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த கோடையில் பராமரிப்புக்குப் போனேன். கால் நுழையும் அளவுக்குத் தரை வெடித்திருந்தது. அன்று குழி தோண்டியவர் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டேன்.

“அவர நிப்பாட்டியாச்சு. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துருதுல்லா” என்றார் எழுத்தர்.

வெடிப்புக்குள் குனிந்து பார்த்தேன். அவர் விடச் சொன்ன தொய்வு முழுவதையும் மண் இழுத்திருந்தது. கேபிள் அறுந்திருக்கவில்லை. அறுந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.