பச்சைக் கோடு முடியும் வரைக்கும்

"...அப்ப இத்தனை பேரு கடுதாசியையும் ஒரே சாக்குலயா போட்டுக் கட்டி வச்சிருந்தீங்க, அண்ணே?" என்று கேட்டாள் கடைக்கு வந்திருந்த அந்தத் தங்கச்சி.

சாக்கு என்றது சரியான சொல். கீரமங்கலத்தில் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த மெயில் கிடையாது. சிங்கப்பூரோ சவுதியோ, வேலைக்கு மனுப்போடும்போது என் கடை மெயிலைத்தான் எழுதச் சொல்வார்கள். "ஒங்க வாசல்ல வந்து கெடக்கட்டும், பொழுதிருக்கும்போது எடுத்துக்கிர்றோம்" என்பார் ஒருத்தர். கேட்கச் சுகமாக இருக்கும். வந்ததையெல்லாம் மெயில் சாஃப்ட்வேர் இறக்கி, என் மெஷினில் ஒரே ஃபைலாகச் சேர்த்து வைக்கும். இறக்கிய கையோடு அங்கிட்டு சர்வரில் அழித்துவிடும். வருஷக்கணக்காக அந்த ஃபைல் ஊதிக்கொண்டே போனது. அன்று காலை திறந்தால், ஃபைல் கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று ஒரே வரி.

மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்; அதே வரிதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் போனும் கையுமாக ஓடி வந்தாள். புருஷன் சவுதியில் போய் இறங்கியிருக்கிறார். டிரைவர் வேலைக்கான ஒப்பந்தம் என் மெயிலுக்குத்தான் வந்தது. பிரிண்ட் எடுத்த தாளை ஏர்போர்ட்டிலேயே ஏஜென்ட் ஆள் வாங்கிக்கொண்டான். இப்போது அங்கே கம்பெனிக்காரர்கள் கம்பி சுமக்கிற வேலைக்கு வேறொரு தாளை நீட்டி, மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போடு, இல்லை பழைய ஒப்பந்தத்தைக் காட்டு என்கிறார்களாம். தோள் எலும்பு முறிந்து பிளேட் வைத்த மனுஷன் அவர். பாஸ்போர்ட் அவர்கள் கையில்.

ரிப்பேர் புரோகிராமை ஓடவிட்டேன். முதலில் நகல் எடுத்துக்கொள் என்று அதுவே எச்சரித்தது. நகலுக்கு டிஸ்கில் இடமில்லை. எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. நடுவில் மெஷின் அணைந்தால் இருப்பதும் போய்விடும். கரண்ட் போனால் தாங்க வேண்டிய யுபிஎஸ் பேட்டரியோ வீங்கிக் கிடந்தது. பயத்தில் இதையெல்லாம் அவளிடம் உளறிக்கொட்டினேன். அப்போதுதான் சாக்கு என்று கேட்டாள்.

லைட் மங்கி, மறுபடி எரிந்தது.

"என்னண்ணே அது?"

"பக்கத்து மாவு மில்லு, ஆத்தா. மோட்டாரைப் போட்டா இங்கிட்டு கரண்டு இப்படித்தான் முழிக்கும்."

மெஷின் எப்படியோ பிழைத்துக்கொண்டது. கோடு பாதிகூட வரவில்லை. மில்லில் சத்தம் நின்றது. அடுத்த தரம் போட்டால் தாங்குமா?

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். விறுவிறுவென்று மில்லுக்குள் போனாள். நான் வாசலில் நின்று ஒரு கண்ணைக் கோட்டிலும் ஒரு கண்ணை அங்கிட்டும் வைத்திருந்தேன். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏத்தா, தள்ளு! மொளகா காத்துக்கெடக்கு, சனம் நிக்குது," என்றார் மில்லுக்காரர்.

"நிக்கட்டும்."

"கரண்டுப் பெட்டியோடயா வெளையாடுவ? ஒம் புருசன் வந்து என்னையத்தான கேப்பான்!"

"அவரு வரணும்னுதான் நிக்கிறேன்," என்று சொல்லி, முதுகை இன்னும் இறுக்கிச் சாய்த்துக்கொண்டாள்.