கடைசி ஆணியில் சிவப்புக் கயிறு

ஹெங்காம் தீவுக்கு ஆளேற்றும் துறையில் ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாக ஆணிகள். படகோட்டிகள், இழுத்தால் இஞ்சின் நின்றுவிடும் சிவப்புக் கயிற்றை வந்த வரிசையில் மாட்டுவார்கள். அந்த வரிசையில்தான் சவாரி. முறை வந்தும் கிளம்பாதவர் கடைசி ஆணிக்குப் போக வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டாம் தடவை தவறினால் பலகையில் இடமே கிடையாது.

சனிக்கிழமை ரஹீலாவின் இஞ்சின் இருமி நின்றுபோனதில் ஒருமுறை தவறியிருந்தது. இது அதே வாரத்துப் புதன்; அங்கே வாரம் சனியில்தான் தொடங்கும்.

அவள் அண்ணன் யாகூப் துறையில் ஐஸ் உடைக்கிறவன். கணவன் சரக்குக் கப்பலில் போன பிறகு படகைத் தானே எடுத்து ஓட்டும் தங்கையைப் பற்றி அவன் யாரிடமும் பெருமையடித்ததில்லை. ஆனால் அவள் முறை வந்தால் அவன் கை நின்றுவிடும்.

தனக்கு முன்னால் இரண்டு படகுகள் இருக்கும்போதே அவள் பெட்ரோல் குழாயைக் கழற்றினாள். பெட்ரோல் ஓடுவது தெரியட்டும் என்று கணவன் போட்ட, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய். வெயிலில் எலும்பாக இறுகி, மூட்டில் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. புதுக் கருப்பு ரப்பர் குழாயின் முனையைப் பிளேடால் நேராக வெட்டினாள். குழாயின் நடுவிலிருக்கும் ரப்பர்க் கைப்பம்பின் அம்புக்குறி இஞ்சினைப் பார்க்கும்படி வைத்தாள். குழாயை அடிவரை ஏற்றி, ரப்பர் பிதுங்காத அளவுக்குக் கிளிப்பை முறுக்கினாள். பம்பை அமுக்க அமுக்கக் கல்லாக இறுகியது. மூட்டுகளைத் துடைத்த துணியில் ஈரமில்லை. ஏறுகிறவர்களின் அங்கி சிக்காமலிருக்க, எல்லோரையும் போல் குழாயை இஞ்சினோடு இழுத்துக் கட்டினாள்.

பலகைக்குப் பொறுப்பான தர்வீஷ் ஐந்து பேரை ஏற்றிவிட்டார். அப்போதுதான் அவள் இஞ்சினை இடது கோடிக்குத் திருப்பிப் பார்த்தாள். குழாய் நாண்போல் விறைத்தது.

"எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க."

"ஏம்மா, பந்தியில உக்கார வச்சு எழுப்புற மாதிரி இருக்கே?" என்றார் தர்வீஷ்.

"குழாய் இழுக்குது மாமா. திரும்புறப்ப கழண்டுடும். அவுத்துக் கட்டணும்."

"சனிக்கிழமையே ஒண்ணு போச்சு. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

அடுத்த படகுக்காரன் முராத் சிரித்தான். "குழாயைத் தாலாட்டித் தூங்க வச்சிட்டு வா அக்கா. நான் ரெண்டு நடை போயிட்டு வந்துடுறேன்."

யாகூப் கிட்டே வந்து மெல்லச் சொன்னான்: "நேராப் போனா இழுக்காதில்ல? இந்த ஒரு நடை போயிட்டு வந்து கட்டேன்."

"நேராவே போக கடல்ல ரோடா போட்டிருக்கு, அண்ணே?"

ஐந்து பேரும் முராத்தின் படகுக்கு மாறினார்கள். ரஹீலா கட்டை அவிழ்த்து, குழாயைப் படகின் உள்விளிம்போரமாகக் கொண்டுபோய், இஞ்சினருகே ஒரு வளைவு தளர்வாக விட்டு, இரண்டு இடத்தில் வாரால் கட்டினாள். இஞ்சினைத் திருப்பினாள்: இடது கோடி, வலது கோடி. தூக்கினாள், இறக்கினாள். தாய் ஆட்டின் பின்னால் குட்டி போவதுபோல் குழாய் கூடவே போய் வந்தது.

பிறகு பலகையிலிருந்து தன் கயிற்றைத் தானே எடுத்து தர்வீஷிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. படகில் இறங்கி, இஞ்சினை இரு பக்கமும் திருப்பினார், தூக்கினார், கிளிப்பைத் தடவி விரலை முகர்ந்தார். ஏறிவந்து கயிற்றை வாங்கிக் கடைசி ஆணியில் மாட்டினார்.

"ஆணி உனக்கு இருக்கட்டும். ஆனா இன்னிக்கு விட்ட முறை விட்டதுதான்" என்றார்.

பொழுது சாயும்போது அவளுக்கு முறை வந்தது. இரண்டு பயணிகள், ஒரு வெங்காய மூட்டை. தீவில் ஒரு வேலையும் இல்லாத யாகூப் மூன்றாவதாக ஏறி இஞ்சினருகே உட்கார்ந்தான். துறை முனையில் படகு திரும்பியபோது குழாயைப் பார்த்தான். அப்புறம் பார்க்கவில்லை.