நீலமான மூன்று குடுவைகள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் மனைவிக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

அவளும் என் அண்ணியும் ஒரே ஆலையில் வேலை பார்த்தார்கள். சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அங்கே வரும். அதில் கரைந்திருக்கும் தங்கத்தைப் பிரித்து, கொதிக்க வைத்து, நானோ துகளாக்குவார்கள். சரியாக வந்தால் குடுவை மாதுளைச் சிவப்பாகும். துளி உப்பு பட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும். பிறகு அது குப்பை. வியர்த்த கை பட்டாலே போதும். அதனால் கையுறை இல்லாமல் யாரும் குடுவையைத் தொடுவதில்லை.

அண்ணிக்கு எப்போதும் சிவப்பு. என் மனைவிக்கு எப்போதும் நீலம்.

“கைராசி வேணும்மா,” என்று அண்ணி வீட்டிலும் சிரிப்பாள். அம்மா முன்னால். இவள் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள். இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம் என்று வேறு சொல்லியிருந்தார்கள்.

அன்று சாப்பாட்டு நேரம். எல்லோரும் போன பிறகு இவள் மட்டும் திரும்பி வந்தாள். கோட்டுப் பையில், காகிதத்தில் மடித்த ஒரு சிட்டிகை உப்பு.

அண்ணியின் மேசையில் மூன்று குடுவைகள் கொதித்துக்கொண்டிருந்தன. மூன்றும் சிவப்பு.

மேசை முன்னால் ஒருத்தி நின்றிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. ஆலையின் அதே வெள்ளை கோட்டு.

“சாப்பிட வரலையாக்கா?” என்று கேட்டாள் இவள்.

அவள் குடுவையை நோக்கிக் கையை நீட்டினாள்.

கையுறை இல்லை...

வெறும் விரலைக் கொதிக்கும் குடுவைக்குள் விட்டாள். சிவப்பு ஊதாவானது. பிறகு நீலம்.

அடுத்த குடுவை.

அதற்கடுத்தது.

ப்ளக்... ப்ளக்...

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டு அறையில், அண்ணி சிரித்தாள்.

இவள் கதவைப் பார்த்தாள். திரும்பினாள்.

யாருமில்லை.

உப்பு மடித்தபடியே பையில் இருந்தது.

அண்ணியை அன்றே அனுப்பிவிட்டார்கள். “வெறுங்கையால தொட்டுட்டு, இல்லைன்னு சாதிக்கிறியே!” என்று மேற்பார்வையாளர் கத்தினார். வேலையும் மேசையும் என் மனைவிக்கு வந்தன.

மாலையில் அடுப்படியில் நின்று இவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணி கோபப்படவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“பொட்டலத்தப் பிரிக்கவே விடலையா?”

“ம்ஹூம்.”

“என்னையும் விடலடி.”

கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்தாள்.

“எனக்கு முன்னாடி அந்த மேசையில இருந்தவளுக்கும் செவப்பாத்தான் வரும். ஒருநாள் நானும் உப்போட போனேன். வெறுங்கையோட ஒருத்தி எனக்கு முந்தியே வந்து நின்னுட்டிருந்தா.”

என் மனைவி வேலையை விடவில்லை. நேற்று அவளுடைய குடுவை முதல்முறையாகச் சிவந்தது. பக்கத்து மேசைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள்.

அவளுக்கு நீலம்தான் வருகிறதாம்.