வாய் என்னுது, விரல் ரவியோடது

பிரவுசிங் சென்டர் கதவைத் திறந்ததும் ஏ.சி. குளிரும் மல்லிகை ரூம் ஸ்பிரேயும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்...

அடுத்த நிமிஷமே என் வாசனை அதை அமுக்கிவிடும். பவுண்டரி கருமணல், எரிந்த ஆயில். செருப்பை வெளியே விட்டாலும் வெள்ளை டைல்ஸில் என் பாதம் கறுப்பாகப் பதியும். சென்டர்காரர் துணியோடு என் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருவார், பாவம்.

தொண்ணூறுகளின் கடைசி. துடியலூர்.

நான் எட்டாவது பெயில். பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் மோல்டிங் வேலை. ஆனால் பக்கத்துக் காலேஜ் வாலிபால் டீமுக்கு என்னை மாதிரி ரசிகன் கிடையாது. காம்பவுண்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, கேரியர் மேல் ஏறி நின்று கத்துவேன். உள்ளே இருந்து கத்தின ரவி அப்படித்தான் சிநேகிதமானான். அங்கே மூன்றாம் வருஷம் படித்தான்.

அவன்தான் என்னை அந்தச் சென்டருக்குக் கூட்டிப்போனான். இன்டர்நெட்டில் காலேஜ் வாலிபால் ரசிகர்களுக்கென்று ஓர் அரட்டை அறை இருந்தது. திருச்சிப் பசங்க ஆறு பேர் அங்கே நம்ம டீமைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைவன் பேர் 'காவேரிப்புலி'. நாங்கள் வைத்துக்கொண்ட பேர் 'சிறுவாணி'.

நான் சொல்வேன், ரவி இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவான்.

"உங்காளு சர்வீஸ் போடறதுக்குள்ள டெல்லில ரெண்டு கவர்மெண்ட் கவுந்துருமுங்க."

"ரெண்டாயிரமாவது வருசம் பொறந்தா கம்ப்யூட்டரெல்லாம் படுத்துருமாமா. உங்க பிளாக்கரு இப்பவே படுத்துட்டாருங்களே!"

அங்கிருந்தும் சும்மா வராது. கட்சி, கல்யாணம், பஞ்சாலை, எங்கள் ஊர் ரோடு... எல்லாவற்றையும் இழுப்பார்கள். ரவி படித்துச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

எவ்வளவு திட்டினாலும் எழுந்திருக்கும்போது கடைசியாக ஒன்று சொல்லிவிடுவேன். "இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வந்து சாப்டுட்டுப் போங்க." எங்கள் பக்கத்தில் வரப்புச் சண்டை போட்டவன்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவான். சொல்கிறவனும் இலை போடமாட்டான், கேட்கிறவனும் வரமாட்டான். அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

திருச்சிக்காரர்களுக்கு அது தெரியவில்லை.

கோயமுத்தூரில் டோர்னமெண்ட் வந்தது. கூடவே புலியிடமிருந்து ஒரு வரி. 'சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் உங்க வீட்ல சாப்பாடு. நாங்க ஆறு பேரு, டீம்லருந்து ஒருத்தன்.'

எனக்குப் பயமாகிவிட்டது. சோற்றுக்காக இல்லை. என்னையும் ஒரு காலேஜ் பையன் என்று நினைத்துத்தானே சரிக்குச் சரி மல்லுக்கட்டுகிறார்கள்? மண் அள்ளுகிறவன் என்று தெரிந்தால் அப்புறம் எவன் என் பேச்சுக்குப் பதில் போடுவான்? அந்தச் சாயங்காலங்களே போய்விடுமே...

ரவி யோசனை சொன்னான். "அண்ணா, என்ற பேண்ட் சட்டையப் போட்டுக்குங்க. பி.காம்னு சொல்லிக்கலாம்."

நான் தலையாட்டிவிட்டேன். கட்டிவந்து ஆறு மாதம்கூட ஆகாத என் பெண்டாட்டி சரசுதான் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, சோறு திங்க வாரவங்களுக்கு உங்க மார்க்கு எதுக்குங்க?"

சனிக்கிழமை எனக்கு லீவு கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் ரவி கூட்டிவந்த ஏழு பேரும் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேட்சில் எங்கள் டீமை ஜெயித்த தெம்பு. ரவி மூலையில், மடித்த பேண்டை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறான்.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் கேட்டான். "சிறுவாணி எங்கங்க?" அவன்தான் புலி.

"நான்தானுங்க."

"நீங்களா? எந்த டிபார்ட்மெண்ட்டு?"

ரவி மடியைப் பார்த்தேன். சரசைப் பார்த்தேன்.

"படிக்கலீங்க தம்பி. எட்டோட நின்னுபோச்சு. பவுண்டரி வேலைங்க. வாய் என்னுது, டைப் அடிக்கிற விரல் ரவியோடது."

ஏழு பேரும் என் கறுத்த கையைப் பார்த்தார்கள். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

புலி மெதுவாகக் கண்ணாடியைத் துடைத்தான். "அதெல்லாம் கெடக்கட்டும்ணே. எங்க பிளாக்கர் படுத்துட்டான்னு சொன்னது உங்க வாய்தானே? டேய் ஜோசப், எந்திரிடா!"

ஓரத்தில் இருந்த பையன் எழுந்தான்... எழுந்தான்... எழுந்துகொண்டே இருந்தான். தாழ்ந்த கூரைத் தகரத்தில் மடாரென்று தலை இடித்தது.

"படுத்துட்டனாண்ணே?"

"இல்லீங்க தம்பி," என்றேன். "ஆனா தயவுசெஞ்சு இப்ப உக்காந்துருங்க. வாடகை ஊடு!"

வீடே வெடித்தது. ரவி சிரித்த சிரிப்பில் பேண்ட் ரசச் சட்டிக்குள் போகப் பார்த்தது. சரசு செய்திருந்த அரிசிம்பருப்புச் சோற்றையும் கோழிக் குழம்பையும் சட்டி சுரண்டும் வரை விடவில்லை. ஜோசப் மட்டும் மூன்று ஆள் சாப்பாடு. கைகழுவப் போகும்போது குனிந்தே போனான்.

திங்கள்கிழமை சென்டருக்குப் போனால் புலியின் வரி காத்திருந்தது. 'தோத்துப்போயும் கோழி அடிக்கிற ஒரே ஊரு உங்க ஊருதான்.' எனக்கு உயிர் வந்தது.

இப்போது எல்லாம் போனுக்குள்ளேயே... இரண்டு காலேஜ் பழைய ஆட்களும் சேர்ந்து ஒரு குரூப். எலக்ஷன் வந்தால் அடித்துக்கொள்கிறோம், ஏ.ஐ. வந்து யார் வேலையைப் பிடுங்கும் என்று அடித்துக்கொள்கிறோம், சுகர் மாத்திரைக்கும் அடித்துக்கொள்கிறோம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், "அண்ணா நீங்க எந்த பேட்ச்?" என்று என்னைக் கேட்டான். நான் போனைத் தடவி எடுப்பதற்குள் ஜோசப் பதில் போட்டுவிட்டான். "எங்க பேட்ச்தான்பா."

எனக்கு இப்போது விரல் தேவையில்லை. வாயால் சொன்னால் போனே தமிழில் எழுதிக்கொள்கிறது. ஒரு எழுத்து தப்புவதில்லை.

என்ன... அது சிரிக்க மாட்டேன் என்கிறது. அதனால் நல்லதாக ஒன்று தோன்றினால், அனுப்புவதற்கு முன்னால் ரவிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டுகிறேன். துபாயில் ஆபீசில் இருப்பான். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வந்த பிறகுதான் பட்டனை அமுக்குவேன்.